கம்பளியில் மூடாமல் விட்ட ஓட்டை

மதினி,

நீங்கள் போனது பெட்ரோல் வரிசை வருஷம். மண்ணெண்ணெய்க் கேனுக்குப் பதிலாகக் கல்லை வைத்து இடம் பிடித்த வருஷம். கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் தொட்டியில் குதித்ததை டிவியில் பார்த்தோம். அதற்கு மறுவாரம் உங்களைத் தூக்கினோம். வண்டி எதுவும் கிடைக்கவில்லை. லயத்து வரிசை வீட்டிலிருந்து மயானம் வரை தோளிலேயே போனீர்கள். உயிரோடு இருக்கையில் ஒருத்தனும் தூக்கவில்லை, இப்போது மட்டும் தூக்குகிறீர்களா என்று நீங்கள் உள்ளேயிருந்து கேட்பது மாதிரியே இருந்தது எனக்கு.

உங்கள் கம்பளியை ஜப்பான்காரம்மா ஒருத்தர் வாங்கிப்போனது அதற்கு அடுத்த வருஷம். நம் சனம் இந்த மலைக்கு வந்து இருநூறு வருஷம் என்று ஊர் ஊராக மேடை போட்டு, லயத்து வாசலில் நின்று நம்மைப் படம் பிடித்து, பிறகு ஒருத்தரும் திரும்பிப் பார்க்காத வருஷம் அது. கம்பளியை நான் மறுபடி கண்ணால் கண்டது அதற்கும் அடுத்த வருஷம், நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் நடக்கையில். வருஷத்தை எழுத்தில் எழுத எனக்குத் தெரியாது. எதற்குப் பின்னால் எது நடந்தது என்பது மட்டும் தப்பாது.

இன்று காலையில் வெற்றிலை போடப் பையைத் திறந்தேன். சுண்ணாம்பு டப்பாவில் சிக்கிக்கொண்டு ஒரு சிவப்பு நூல் வெளியே வந்தது. இழுத்தால் உருண்டையாகவே வந்தது, ஒரு பாக்கு அளவு. அது அங்கேதான் கிடக்கிறது, நான்தான் போட்டு வைத்தேன். இருந்தும் கண்டவுடனே கோபம் வந்தது. ஆறியிருக்கும் என்று நினைத்தேன், ஆறவில்லை. அதனால்தான் மகளைக் கூப்பிட்டுப் பலகையில் உட்கார வைத்திருக்கிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, அவள் வேலை செய்யும் ஹோட்டல் லாண்டரியில் அவளுக்கு லீவு. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரி எழுதாமல் பேப்பரில் வருகிற மாதிரித் திருத்தி எழுதுகிறாள், அது எனக்குத் தெரியும். எழுதட்டும். ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

மழைக்காலத்தில் நீங்கள் மலையிலிருந்து இறங்கி வருவது என் கண்ணில் நிற்கிறது. தலையிலிருந்து இடுப்பு வரை அந்தக் கம்பளி. முதுகில் கூடை. கம்பளி நனைந்து கன்றுக்குட்டி கனம் கனக்கும். தோட்டம் கொடுத்தபோது கறுப்பாக இருந்தது. நான்கு மழை பார்த்ததும் கிழிய ஆரம்பித்தது. நீங்களும் ஒட்டுப்போட ஆரம்பித்தீர்கள். வலது தோளில் அண்ணனின் காக்கிக் காற்சட்டைத் துண்டு. அதற்குக் கீழே அமெரிக்கன் கோதுமை மா வந்த சாக்கு. அதில் இரண்டு கை குலுக்குகிற படம் பாதி தெரியும். விளிம்பு முழுக்க உங்கள் கல்யாணச் சேலையின் கரை. தலை படுகிற இடத்தில் உங்கள் மகன் சேகரின் பள்ளிக்கூடக் காற்சட்டை, நீலம்.

ஒருநாள் கொழுந்து நிறுவைக் களத்தில், எல்லார் முன்னாலும் உங்களைக் கேலி செய்தேன். "என்னா மதினி, இது கம்பளியா, இல்ல நம்ம தோட்டத்து வரைபடமா?"

உங்களுக்குக் கோபம் வந்தால் என்னை "நீ" என்பீர்கள். நக்கல் வந்தால்தான் "கொழுந்தனாரே, நீங்க" எல்லாம் வரும். அன்றைக்கு நக்கல். "ஆமாங்க கொழுந்தனாரே. இந்தா இந்தக் கிழிசல்தான் நீங்க வேல செய்ற ஃபெக்டரி. தச்சாலும் நிக்க மாட்டேங்குது." நிறுக்க வந்த கணக்கப்பிள்ளைகூடச் சிரித்துவிட்டார். என் பெண்சாதி வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

பத்துப் பதினைந்து ஒட்டு இருந்தது அந்தக் கம்பளியில். முதுகு நடுவில் ஓர் ஓட்டைக்கு மட்டும் ஒட்டு இல்லை. உள்ளங்கை அகலம், விளிம்பு கருகினது. அதற்கு ஊசியே வைக்கவில்லை நீங்கள். சாகும்வரை வைக்கவில்லை.

அந்த ஓட்டை விழுந்தது, தேர்தல் முடிந்து ஆட்சி மாறின ஆவணியில். அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் அரசாங்கம் தோட்டத்தை எடுத்தது. அதற்கும் முந்தின பஞ்சத்தில்தான் அண்ணன் போய்ச் சேர்ந்திருந்தார். என் மகள் பிறந்து நாற்பது நாள். நான் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் நின்றேன். என் பெண்சாதி துணி துவைக்கத் தண்ணீர்ப் பீலிக்குப் போயிருந்தாள். நீங்கள் பிந்தின நிறுவை முடித்து அப்போதுதான் லயத்துக்கு வந்தீர்கள். தமிழாட்களை விரட்ட லொறியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். சில முகம் தெரியாத முகம். சில முகம் தெரிந்த முகம், அதுதான் கொடுமை. லயத்தின் மேல்கோடியில் நெருப்பு வைத்தார்கள். அடுப்புக்கு மேல் பரண் நிறையக் காய்ந்த விறகு. ஒரு காம்பிரா அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தீ நடந்தே வந்தது என்று பிறகு சொன்னீர்கள்.

சேகரை இடுப்பில் தூக்கிவிட்டீர்கள். என் பிள்ளை எங்கள் காம்பிராவில் தொட்டிலில் கிடந்தாள். இரண்டு கையும் போதவில்லை. கூடையில் மிச்சமிருந்த கொழுந்தைத் தட்டிவிட்டு, பிள்ளையை அதற்குள் குப்புறப் போட்டு, கூடையை முதுகில் மாட்டி, மேலே ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நெருப்புக்கு ஊடாக வெளியே வந்தீர்கள். வாசலைத் தாண்டும்போது கூரைச் சட்டத்தின் கங்கு ஒன்று முதுகில் விழுந்தது. உங்களுக்குத் தெரியவில்லை. கம்பளியே கனமாக இருந்ததால் கங்கின் கனம் தெரியவில்லை, பயத்தில் சூடும் தெரியவில்லை. தேயிலைச் செடிக்குள் போய்ப் பதுங்கின பிறகுதான் பிள்ளை அழுகிற அழுகை வேறு மாதிரி இருக்கிறதே என்று கூடையை இறக்கினீர்கள்.

கம்பளியில் ஓட்டை. அதற்கு நேர் கீழே, பிள்ளையின் முதுகில் அதே அளவு.

எட்டாம் நாள் விசாரணைக்கு வந்தார்கள். தோட்டத்தை நடத்துகிற துரை ஒரு நாற்காலியில், பொலிஸ் ஐயா ஒரு நாற்காலியில். அதற்கு முன்னால் கணக்கப்பிள்ளை லயம் லயமாக வந்து, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை என்று சொல்லவேண்டும். அடுப்பில் இருந்து பற்றியது என்று சொல்லவேண்டும். இல்லாவிட்டால் தீ வைத்தவர்கள் இன்னொரு தடவை வருவார்கள். நாங்கள் வரிசையில் நின்றோம். முதல் ஆள் அடுப்பு என்றான். இரண்டாம் ஆள் அடுப்பு என்றான். என் முறை வந்தது. தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் சொன்னேன். "அடுப்புல இருந்து பத்திக்கிச்சுங்க. ஒண்ணுமில்லீங்க."

ஆஸ்பத்திரியில் பிள்ளை குப்புறக் கிடக்கிறாள். நான் ஒண்ணுமில்லீங்க என்றேன்.

நீங்கள் வரிசையிலேயே நிற்கவில்லை. கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக மேசைக்கு முன்னால் வந்தீர்கள். அதை விரித்து, அந்த ஓட்டைக்குள் கையை விட்டு, முழங்கை வரை மறுபக்கம் நீட்டினீர்கள். உங்கள் விரல் பொலிஸ் ஐயாவின் தொப்பிக்கு நேரே நின்றது. "அடுப்பு எங்கங்கய்யா இருக்கும்? முதுகுலயா இருக்கும்?" என்று கேட்டீர்கள். அதைச் சிங்களத்திலும் ஒரு தரம் கேட்டீர்கள். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்டீர்களே, அது நடந்தது. அதை நான் பார்த்தேன்.

அன்று மாலை என்னிடம் வந்து நின்றீர்கள். நக்கல் இல்லை. "நீ ஆம்பளயா? வாயில என்னா, தேயிலத்தூளா அடச்சிருக்கு?" பக்கத்து லயத்துக் கிழவி ஒருத்தி சமாதானமாக, அந்த ஓட்டைக்கு ஒரு துண்டு தருகிறேன், தைத்துவிடு, கண்ணில் படாமல் போகும் என்றாள். நீங்கள் அவளுக்குச் சொன்ன பதில் எனக்கும் சேர்த்துச் சொன்னது.

"புள்ள முதுகு மூடட்டும். அப்பறமா இத மூடுவோம்."

பிள்ளை முதுகு மூடவில்லை. தோல் வந்தது. அது மூடினது ஆகாது.

மதினி, இதைச் சொல்ல எனக்குக் கூசுகிறது, ஆனால் அந்த அடுப்பை நான் அதோடு விடவில்லை. மகளைப் பெண் பார்க்க முதன்முதலாக உடப்புசல்லாவைப் பக்கமிருந்து வந்தார்கள். எப்படியோ கேள்விப்பட்டு முதுகைப் பற்றிக் கேட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே, சின்னதில் அடுப்புத் தீ பட்டது என்றேன். தாய் கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்றுகூடச் சேர்த்துச் சொன்னேன். என் பெண்சாதி தேநீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். நீங்கள் அடுப்படியிலிருந்து வந்து எல்லாவற்றையும் சொன்னீர்கள், லொறியிலிருந்து கங்கு வரைக்கும். வந்தவர்கள் பயந்துவிட்டார்கள். அரசியல் விவகாரமுள்ள குடும்பம் என்று எழுந்து போனார்கள். நான் உங்களோடு ஒரு வருஷம் பேசவில்லை. தீபாவளிக்கு நீங்கள் அனுப்பின முறுக்கைக்கூடத் திருப்பி அனுப்பினேன். நீங்களோ அந்த வருஷம் முழுக்க எனக்குத் தெரியாமலே இடம் தேடி, போன வீட்டிலெல்லாம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லி, கேட்ட பிறகும் வருகிறேன் என்ற ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். நுவரெலியாவில் ஆட்டோ ஓட்டுகிறான். இன்றைக்கு வரைக்கும் மனைவியை ஒரு சொல் சொன்னவனில்லை.

கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது என்னைக் கூப்பிட்டீர்கள். செத்தவர் போர்வையைக் குழியில் போடுவது அல்லது வண்ணானுக்குக் கொடுப்பது நம் வழக்கம். "அத எம்மேல போட்டுப் பொதச்சிறாதீங்க கொழுந்தனாரே. அது கெடக்கட்டும். யாராச்சும் கேட்டா சொல்லணுமில்ல" என்றீர்கள். என்னை நம்பிக் கொடுத்தீர்கள். இத்தனை தெரிந்தும் என்னை நம்பினீர்கள்.

மறுவருஷம் கேட்க ஆள் வந்தது.

ஜப்பான்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கட்டையான தலைமுடி, கறுப்புச் சட்டை. கூடவே பேச்சை மாற்றிச் சொல்லக் கொழும்பிலிருந்து ஒரு மிஸ். அந்த அம்மா வாசலில் செருப்பைக் கழற்றி, அதன் முனையைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்து இடுப்பு வளைய வணங்கினார். எழுபத்தைந்து வயதில் எனக்கு அப்படி ஒருத்தரும் குனிந்ததில்லை. அவர் ஊரில் பனி விழுகிற மலைநாட்டில் ஏழைச் சனம் கந்தலின் மேல் கந்தல் வைத்துத் தைத்து, நான்கு தலைமுறை ஒரே துணியைப் போர்த்தினார்களாம். அந்தத் துணிகளை இப்போது சித்திரசாலைகளில் தொங்க வைக்கிறார்களாம். அதையும் இந்தக் காலத்துச் சித்திரங்களையும் சேர்த்து நுவரெலியாவில் ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார், நம் மலையிலும் அப்படித் தைத்த கம்பளி இருக்கிறதா என்று தேடுகிறார் என்றாள் மிஸ்.

நான் பெட்டியைத் திறந்து எடுத்தேன். அந்த அம்மா இரண்டு கையையும் நீட்டி, பிள்ளையை வாங்குகிற மாதிரி வாங்கினார். ஒவ்வோர் ஒட்டாக விரல் வைத்துக் கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அண்ணனின் காக்கி, மா சாக்கு, சேலைக் கரை, சேகரின் நீலம். உங்கள் பெயரைச் சொன்னேன், ஒரு தரமில்லை, மூன்று தரம். மிஸ் போனில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அந்த அம்மாவின் விரல் ஓட்டைக்குள் போனது. இது என்ன என்று கேட்டார்.

வாசலில் சின்னத்துரை, தோட்டத்தில் துரைக்கு அடுத்தவர், நின்றார். வெளிநாட்டுக்காரர் வந்தால் கூட வருவது அவர் வேலை. போனைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார், நம் பேச்சைக் கேட்டாரோ என்னவோ. தோட்டத்தில் வேலை முடிந்து இத்தனை வருஷம் ஆகிறது எனக்கு. ஆனால் நான் படுக்கிற காம்பிரா தோட்டத்துடையது. வாசலில் காற்சட்டை போட்ட ஆள் நின்றால் நம் நாக்கு தானாக ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறதே, அது எந்த வியாதி மதினி? என் கை என்னைக் கேட்காமலே தலைத் துண்டை எடுத்தது. என் வாய் சொன்னது. "அடுப்புத் தீ பட்டதுங்க. ஒண்ணுமில்லீங்க."

யாராவது கேட்டால் சொல்ல வேண்டும் என்று நீங்கள் வைத்துவிட்டுப் போனீர்கள். கேட்டார்கள். நான் இதைச் சொன்னேன். பிறகு கம்பளியை எடுத்துப்போக ஒரு தாளில் பெருவிரலை வைக்கச் சொன்னார்கள், வைத்தேன்.

கண்காட்சி, ஊருக்கு வெளியே பழைய துரை பங்களா ஒன்றில். நீங்கள் ஒருகாலத்தில் அங்கே விறகு சுமந்து போய், குசினிப் படியோடு திரும்பினதாகச் சொன்ன அதே மாதிரிப் பங்களா. ஏப்ரல் சீசன், கொழும்புக் கார்கள் ரோடு அடைத்து நின்றன. மகள் அரை நாள் லீவு எடுத்து என்னைக் கூட்டிப்போனாள். வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்ற வேண்டும் என்றார்கள். அது எனக்குப் பிடித்தது. உள்ளே பாய் விரித்திருந்தார்கள். சுவருக்குப் பதிலாக மரச்சட்டத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டி, பின்னாலிருந்து விளக்கு. ஒரு காகிதச் சுவரில் நம் மலை மூடுபனி படமாக ஓடியது. எங்கேயோ பெட்டிக்குள்ளிருந்து கொழுந்து கிள்ளுகிற சத்தம் கேட்டது, ஆள் இல்லாமல். உடைந்த கோப்பைகளைப் பொன் பூசி ஒட்டி வரிசையாக வைத்திருந்தார்கள். ஓரிடத்தில் அவர்கள் ஊர்ப் பச்சைத் தேயிலைத் தூளைக் கலக்கி எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். இருபது வருஷம் வாட்டுமாடியில் நின்றவன் நான். ஒரு வாய் குடித்துவிட்டு மகளிடம், "பாவம், இவங்களுக்கு வாட்டத் தெரியல போல" என்றேன். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். அதுதான் அன்று நாங்கள் கடைசியாகச் சிரித்தது.

அடுத்த அறையில் இரண்டு துணி தொங்கியது. ஒன்று நீலத்தில் நீலம் வைத்துத் தைத்த பழைய துணி, ஜப்பான்காரம்மாவின் கொள்ளுப்பாட்டியுடையது. பக்கத்தில் உங்கள் கம்பளி. மேலிருந்து விளக்கு. என் கண்ணில் நீர் வந்தது மதினி, பொய் சொல்லமாட்டேன். அந்த நீலத் துணியைத் தைத்த கையும் உங்கள் கையும் ஒரே மாதிரி அவசரப்பட்ட கை. பிறகு மகளிடம், அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். நீலத் துணியின் அட்டையில் கொள்ளுப்பாட்டியின் பெயர், கிராமத்தின் பெயர், பிறந்த வருஷம். உங்களுடைய அட்டையில், தேயிலைத் தோட்டத்துக் கம்பளி, பெயர் தெரியாத பெண்.

இன்னொரு தரம் வாசி என்றேன். அவள் வாசித்தாள். அதேதான்.

அப்போதுதான் அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். ஓட்டை இல்லை. கம்பளிக்கு முன்னால் ஒரு சின்ன மேசை, அதில் ஊசியும் சிவப்பு நூலும். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு தையல் போடலாமாம். அறுந்ததை எல்லாருமாகச் சேர்த்து ஒட்டுவது அவர்கள் நாட்டு மரபாம், அதை இந்தக் காலத்துக்கு ஏற்றமாதிரிச் செய்கிறார்களாம். அந்தக் கருகின விளிம்பிலிருந்து நடுவரைக்கும் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்பு நூல். பார்க்க அழகாக இருந்தது. அழகாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கொழும்பு அம்மா கையில் ஊசியோடு, கடைசியாக மிச்சமிருந்த ஒரு விரல் அகலத்தை மூடக் குனிந்தார்.

"கைய எடுங்கம்மா" என்றேன். பங்களா முழுக்கக் கேட்டிருக்கும்.

மிஸ் ஓடிவந்தாள். மெதுவாகப் பேசுங்கள் ஐயா என்றாள். நான் மெதுவாகப் பேசவில்லை. பெயரை மூன்று தரம் சொன்னேனே, எங்கே என்றேன். பெயர் போட்டால் பின்னால் உங்களுக்குத்தான் ஏதாவது தொந்தரவு வரும் என்று நாங்கள்தான் எடுத்தோம் என்றாள். நம் கணக்கப்பிள்ளை சொன்ன அதே சொல், புதுச் சட்டை போட்டு வந்து நின்றது. ஓட்டையை மூட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்றேன். அவள் போனை எடுத்து, விரலால் தேடி, என் காதுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"அடுப்புத் தீ பட்டதுங்க. ஒண்ணுமில்லீங்க."

என் குரல்தான். பணிந்து, குழைந்து, வாலாட்டுகிற குரல். அத்தனை பேர் முன்னால், அந்த விளக்குக்குக் கீழே, என் மகள் பக்கத்தில் நிற்க. அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே மதினி, விசாரணை நாளில் நீங்கள் பார்த்த அதே பார்வை. நான் யார்மேல் கோபப்படுவது? மிஸ்மேலா? தாள் நீட்டினவர்மேலா? சின்னத்துரை மேலா? எல்லார்மேலும்தான் கோபம். ஆனால் அந்த வரிசையில் முதலில் நிற்கிறவன் நான்.

அதனால் சொன்னேன். துண்டு தலையிலேயே இருந்தது. "நான் சொன்னது பொய். அடுப்பு இல்ல. லயத்துக்குத் தீ வச்சாங்க. எம் மதினி இதப் போத்திக்கிட்டுத்தான் ரெண்டு புள்ளய வெளிய கொண்டாந்தாங்க. அந்தக் கங்கு பட்ட ஓட்ட இது. எங்க ஊர்ல ஒண்ண மூடுனா முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். இது முடியல."

மிஸ் பேச்சை மாற்றிச் சொல்லத் திணறினாள். ஜப்பான்காரம்மா அவளைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது என் மகள், யாரும் சொல்லாமலே, ஸ்வெட்டரை இறக்கி, திரும்பி நின்றாள். ரவிக்கைக்கு மேலே பாதி தெரியும் அல்லவா, அந்தத் தழும்பு. இந்த வயது வரை பீலியில்கூட முதுகு காட்டாதவள். அந்த அம்மா அவள் முதுகைப் பார்த்தார். பிறகு கம்பளியைப் பார்த்தார். பிறகு முதுகை. பாயில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை இரண்டு கையாலும் எடுத்து என் மகளிடம் நீட்டினார்.

மிஸ் இடையில் வந்தாள். இத்தனை நாள் வந்தவர்கள் போட்ட தையல், தாளில் ஒப்புக்கொண்டது என்று என்னென்னவோ சொன்னாள். அந்த அம்மா இரண்டே சொல் சொன்னார். மிஸ் முகம் சுண்டிப்போய் எங்களுக்குச் சொன்னாள்.

"'நான் சரியாக் கேக்கல'ன்னு சொல்றாங்க."

அவர் சரியாகத்தான் கேட்டார். அது எனக்குத் தெரியும்.

மகள் பிரித்தாள். அவசரப்படவில்லை. ஒவ்வொரு நூலாக வெட்டி, இழுத்து, என் கையில் வைத்தாள். எனக்கு நூல் அளவுக்குக் கண் தெரியாது, இல்லாவிட்டால் நானே பல்லால் கடித்திருப்பேன். அந்தக் கொழும்பு அம்மா ஊசியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். எங்கே குத்திவைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஓட்டை திரும்ப வந்தது. ஓரம் இரண்டு இடத்தில் புதிதாகக் கிழிந்திருந்தது, ஊசி போட்ட இடம். மறுபக்கம் இருந்த வெள்ளைக் காகிதச் சுவரின் வெளிச்சம் அதன் வழியாக வந்து பாயில் விழுந்தது.

கம்பளியைத் திரும்பக் கேட்டேன். கிடைக்காது. பெருவிரல் வைத்த தாள் அப்படி. கண்காட்சி இங்கிருந்து ஜப்பானுக்குப் போகிறது, அங்கே இரண்டு ஊரில் வைப்பார்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். அட்டையை மாற்றுகிறோம், என்ன போட வேண்டும் சொல்லுங்கள் என்று மிஸ் போனைத் திறந்தாள். உங்கள் பெயரைச் சொன்னேன். நாலாவது தரம். தீ வைத்ததையும் சொன்னேன். அவள் விரல் ஓடியது. மாற்றினார்களா, அங்கே எந்தப் பாஷையில் மாற்றினார்கள், போய்ப் பார்க்க என்னால் முடியுமா? திரும்பும்போது மருமகன் ஆட்டோ ஓட்டினான். நானுஓயாச் சந்தி வந்த பிறகு மகள் ஒன்றே ஒன்று கேட்டாள். "அம்மா கவனிக்காம விட்டாங்கன்னு ஏம்ப்பா சொன்னீங்க?" அந்த மாப்பிள்ளை வந்த நாளை, அவள் இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறாள். அவள் அம்மா இப்போது உயிரோடு இல்லை, மன்னிப்புக் கேட்க.

அதனால்தான் இந்தக் கடிதம். அட்டையில் போட்டார்களோ இல்லையோ, ஒரு தாளிலாவது அடுப்பு இல்லாமல் எழுதியிருக்கட்டும். நூல் என் பையில் இருக்கிறது. வெற்றிலைக்குக் கையை விடும்போதெல்லாம் விரலில் சிக்கட்டும், அப்போதாவது வாய் நேராக இருக்கும். போனவாரம்கூடப் புதிதாக வந்த சின்னத்துரை வாசலில் நின்று சுகமா என்று கேட்டார். துண்டை எடுக்கவில்லை. கூரை ஒழுகுகிறது என்றேன். அவ்வளவுதான் முடிந்தது, சிரிக்காதீர்கள்.

அந்தக் கம்பளிக்குள் அன்றைக்கு மூன்று பேர். நீங்கள் பெட்ரோல் வரிசை வருஷம் போனீர்கள். சேகர் இருபது வயதில் காணி கிடைக்கும் என்று கிளிநொச்சிக்குப் போனான், அங்கே நடந்த சண்டையின் கடைசியில் அவன் என்ன ஆனான் என்று சொல்ல ஆளில்லை. விசாரணை வரிசையில் நின்றவர்களில் என்னைத் தவிர ஒருத்தனும் இல்லை. நான் கம்பளிக்குள் இருந்தவனில்லை, அதனால் நான் கணக்கில் வரமாட்டேன். மிச்சம் ஒருத்தி. மிஸ் அவள் பெயரைக் கேட்கவில்லை, நானும் சொல்ல மறந்துவிட்டேன். இதோ, சொல்லப்போகிறேன் என்று தெரிந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுதும்மா என்கிறேன். பெரிதாக எழுது. அந்த ஓட்டைக்குச் சொந்தக்காரி, இன்னும் உயிரோடு இருக்கிறவள், தனலெட்சுமி.